கேம்பிரிட்ஜ் விண்ணப்பம்: கல்லூரிக் கட்டத்தில் எதைப் போடுவது?

குவார்க்_குமரன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் 12-ஆம் வகுப்பு, சிபிஎஸ்இ. கேம்பிரிட்ஜில் நேச்சுரல் சயின்சஸ், அதிலும் இயற்பியல் பக்கம், விண்ணப்பிக்கப் போகிறேன். சேர்க்கைக்கான ஈசாட் தேர்வுக்குப் பதிவு செய்தாகிவிட்டது. பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான யூகாஸ் படிவத்தில் எல்லாம் நிரப்பிவிட்டேன், ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. கல்லூரி.

மொத்தம் 31 கல்லூரிகள். கிளேர் ஹாலும் டார்வினும் மேற்படிப்புக்கு மட்டும். ஹியூஸ் ஹால், செயின்ட் எட்மண்ட்ஸ், வுல்ஃப்சன் மூன்றும் 21 வயது ஆனவர்களுக்கு. நியூனமும் மர்ரே எட்வர்ட்ஸும் பெண்களுக்கு. கழித்துப் பார்த்தால் எனக்கு 24 மிச்சம், அதற்கு மேல் எப்படிக் குறைப்பது என்று தெரியவில்லை. பெரியப்பா "டிரினிட்டி போடு, ராமானுஜன் இருந்த இடம்" என்கிறார். பள்ளி ஆலோசகர் போட்டி குறைவாக இருக்கும் கல்லூரியாகப் பார்க்கச் சொல்கிறார். நண்பன் கல்லூரி எதையும் குறிப்பிடாமல் ஓப்பன் அப்ளிகேஷன் போட்டுவிட்டுத் தூங்கு என்கிறான். மூன்று பேரும் அடித்துச் சொல்கிறார்கள், மூன்று பேரும் அந்த ஊர்ப் பக்கமே போனதில்லை. அங்கே படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: கல்லூரி மாறினால் இடம் கிடைக்கும் வாய்ப்பு மாறுமா?

ஆலமரத்தடி:
தம்பி, முதலில் பெரியப்பா கணக்கை முடித்துவிடுவோம். ராமானுஜன் பட்டியல் போட்டு டிரினிட்டியைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1914-இல் அவரை வரவழைத்த கணித அறிஞர் ஹார்டி அங்கே ஃபெல்லோவாக, அதாவது கல்லூரி ஆசிரியராக, இருந்தார், அதனால் இவரும் அங்கே போனார். ஹார்டி அடுத்த தெருக் கல்லூரியில் இருந்திருந்தால் பெரியப்பா இன்று அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார். நேரு 1907 முதல் 1910 வரை நீ எடுக்கப் போகிற அதே நேச்சுரல் சயின்சஸைப் படித்ததும் டிரினிட்டியில்தான், 1930-இல் இயற்பியலாளர் சந்திரசேகர் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்ததும் டிரினிட்டிதான். பெரிய பெயர், பெரிய சொத்து, நல்ல கல்லூரி, யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் நீ கேட்பது வேறு.

எது யார் கையில் இருக்கிறது என்று பார். விரிவுரை, ஆய்வகம், தேர்வு, பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத் துறையினுடையது. எந்தக் கல்லூரிப் பிள்ளையும் அதே அரங்கில் உட்கார்ந்து அதே விரிவுரையைக் கேட்டு அதே வினாத்தாளை எழுதுகிறது. சேர்க்கை, அறை, சாப்பாட்டுக் கூடம், உன்மேல் ஒரு கண் வைத்திருக்கும் ஆசிரியர்கள், அப்புறம் சூப்பர்விஷன், இவைதான் கல்லூரியின் பொறுப்பு. சூப்பர்விஷன் என்பது ஒன்றிரண்டு பேரோ மூன்று பேரோ ஓர் ஆசிரியரோடு ஒரு மணிநேரம் உட்காருவது. நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் முதலாண்டு இயற்பியலுக்கு எடுத்திருக்கிறேன். முந்தின நாளே கணக்குத்தாளை என் தபால் பெட்டியில் போட்டுவிட வேண்டும். சுவரில் சாய்த்த ஏணி வழுக்கும் கணக்கு இருக்கிறதே, அதில் ஏணி எந்தக் கணத்தில் சுவரைவிட்டு விலகுகிறது என்று கேட்டால் பாதிப் பேர் விலகவே விலகாது என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அதை அவர்கள் வாயாலேயே தப்பு என்று சொல்ல வைக்கிற வரைக்கும் விடமாட்டோம். அதுதான் அங்கே படிப்பு. என்னிடம் வந்தவர்கள் என் கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் இல்லை, வேறு கல்லூரிகளிலிருந்தும் அனுப்பி வைப்பார்கள். ஆக, நல்ல கல்லூரி என்றால் நல்ல ஆசிரியர் என்கிற கணக்கு நேராக வராது.

இனி உன் கேள்வி. கல்லூரி மாறினால் வாய்ப்பு பெரிதாக மாறாது, பூல் என்கிற பொதுப் பட்டியல் ஒன்று இருப்பதால். டிசம்பரில் நேர்காணல் முடிந்ததும் கல்லூரி சிலருக்கு ஆஃபர் தரும், சிலரை மறுக்கும், நல்ல பிள்ளை ஆனால் எங்களிடம் இடமில்லை என்று தோன்றுபவர்களைப் பூலில் போடும். ஜனவரியில் மற்ற கல்லூரிகள் அந்தக் கோப்புகளை எடுத்துப் பார்த்துத் தங்களுக்கு வேண்டியவர்களை எடுத்துக்கொள்ளும். வருடா வருடம் ஆயிரக்கணக்கானவர்கள் பூலுக்குப் போகிறார்கள், பல நூறு பேருக்கு அங்கிருந்து இடம் கிடைக்கிறது. ஒரு கல்லூரியில் கூட்டம் அலைமோதி இன்னொன்று காலியாக இருந்தால் அந்த மேடுபள்ளத்தை நிரவத்தான் இந்த ஏற்பாடு.

எக்செல்_ஏகாம்பரம்:
அக்கா சொல்வது விளம்பரப் புத்தகத்தில் எழுதுகிற பதில். பல்கலைக்கழகமே கல்லூரிவாரியாக, பாடவாரியாக எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு ஆஃபர் என்று இணையத்தில் போட்டுவைத்திருக்கிறது. நான் அதையெல்லாம் இறக்கி ஒரு ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். சில கல்லூரிகளில் விகிதம் மற்றதைவிட இரண்டு மடங்குக்கு மேல். வாய்ப்பு மாறாது என்றால் இந்த எண் ஏன் இப்படி வருகிறது? என் ஆலோசனை, கடைசி மூன்று வருட விகிதத்தைப் பார், மேலே இருக்கும் நாலைந்தில் ஒன்றைப் போடு. உணர்ச்சிக்கு இதில் இடமே இல்லை.

ஆலமரத்தடி:
ஏகாம்பரம் சார், ஷீட் போட்டதற்குக் கும்பிடு. ஆனால் அந்த விகிதத்தில் மேலே இருப்பது ஆஃபர், கீழே இருப்பது யார்? நீச்சல் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி நீந்துவார்கள் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஒலிம்பியாடில் பதக்கம் வாங்கிய பிள்ளைகள் ஏதோ ஒரு கல்லூரியைக் குறிவைத்துக் குவிகிறார்கள் என்றால் அங்கே விகிதம் குறைவாகத்தான் தெரியும். அந்தப் பிள்ளை வேறு எங்கே போட்டிருந்தாலும் உள்ளே போயிருக்கும், சுமாரான பிள்ளை எங்கே போட்டிருந்தாலும் திணறியிருக்கும்.

அடுத்தது, எண்களின் அளவு. ஒரு கல்லூரியில் ஒரு பாடத்துக்கு ஒரு வருடத்தில் எடுப்பதே கைவிரல் விட்டு எண்ணக்கூடியவர்களைத்தான், நேச்சுரல் சயின்சஸ் மாதிரிப் பெரிய பாடத்தில் கொஞ்சம் கூடுதல். ஒரு பேச்சுக்கு இந்த வருடம் 20 பேர் போட்டு 5 பேருக்குக் கிடைத்தது என்று வையுங்கள், அடுத்த வருடம் உங்களைப் போல நாலு பேர் ஷீட் போட்டுப் பார்த்து "ஆகா, நாலில் ஒன்று" என்று ஓடினால் 40 பேர் ஆகிவிடும். போன வருடத்து எண்ணை வைத்து இந்த வருடத்துக் கூட்டத்தைக் கணிக்க முடியாது.

இன்னொன்றையும் யோசியுங்கள், யாரும் சொல்லாத விஷயம் இது. நேரடியாக வந்தவர்கள் குறைவாக இருக்கும் கல்லூரி, வந்தவர்களையே வாரி எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துவதில்லை. கையில் நாலு இடத்தை வைத்துக்கொண்டு பூலைப் பார்க்கும். அப்போது அங்கே நேரடியாகப் போட்ட பிள்ளை யாரோடு மோதுகிறது? கூட்டம் நிறைந்த கல்லூரியில் மயிரிழையில் இடம் கிடைக்காமல் போன பிள்ளைகளோடு.

எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைக்கு, நேர்காணல் எடுக்கும் ஆளைப் பொறுத்து இப்படியோ அப்படியோ ஆகலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அது எந்தப் பக்கம் சாயும் என்று அக்டோபரில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாத ஒன்றை வைத்துத் தந்திரம் பண்ண முடியாது.

சிங்கை_சிவா:
பூலில் விழுந்து எழுந்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. நான் சிங்கப்பூரில் என்எஸ்ஸில், அதாவது கட்டாய தேசிய சேவையில், இருந்தபோது விண்ணப்பித்தேன், சட்டம். பாலமும் ஆறும் புல்வெளியும் போட்ட புகைப்படத்தைப் பார்த்து மயங்கி ஒரு கல்லூரியைப் போட்டேன். ஜனவரியில் முகாமில் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்ததும் மின்னஞ்சலைத் திறந்தால் முதல் வரியிலேயே வேறு ஒரு கல்லூரியின் பெயர். தப்பான ஆளுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன், அப்புறம் கீழே என் பெயர். அந்தக் கல்லூரி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிய பிறகுதான் அம்மாவுக்கே போன் செய்தேன். முதல் வாரம் கொஞ்சம் ஒட்டாமல் இருந்தது. அப்புறம் பார்த்தால் என் மாடிப்படியை ஒட்டிய அறைகளில் இருந்தவர்களில் பலர் பூலில் வந்தவர்கள், யாரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

எங்கள் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்கிறேன். லண்டனில் சேர்ந்து பிடிக்காமல் கேம்பிரிட்ஜுக்கு மாறிய லீ குவான் யூவுக்கு இடம் கொடுத்தது ஃபிட்ஸ்வில்லியம் ஹவுஸ். அது அப்போது கல்லூரியே கிடையாது, 1966-இல்தான் கல்லூரி அந்தஸ்து கிடைத்தது. சட்டத்தில் முதல் வகுப்பு வாங்க அது அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

வடலி:
நான் லண்டனில் இருக்கிறேன். மகள் ஒக்ஸ்போர்ட்டில் படிக்கிறாள், ஆகவே அந்தப் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன், தம்பிக்கு உதவாவிட்டாலும் வாசிக்கிற வேறு பிள்ளைகளுக்கு உதவும். ஒரே வருடத்தில் இரண்டு இடத்துக்கும் போட முடியாது, ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும், இதுகூடத் தெரியாமல் பெற்றோர் சிலர் இருக்கிறார்கள்.

ஒக்ஸ்போர்ட்டில் ஜனவரி வரைக்கும் காத்திருந்து பூலில் போடுகிற வழக்கம் இல்லை. நேர்காணலுக்கு முன்னமே ஒரு கல்லூரியில் ஆட்கள் கூடிவிட்டால் சிலரை இன்னொரு கல்லூரிக்கு மாற்றிவிடுவார்கள். நேர்காணலின்போதும் இரண்டாவதாக இன்னொரு கல்லூரி கூப்பிட்டுப் பேசும். மகளுக்கு அப்படித்தான், அவள் எழுதின கல்லூரியோடு பேசி முடித்து மடிக்கணினியை மூடப் போகிற நேரம் இன்னொரு கல்லூரியிலிருந்து நேரம் குறித்து மின்னஞ்சல் வந்தது. பிள்ளை பயந்துவிட்டாள், முதலாவது சரிவரவில்லையாக்கும் என்று. அப்படி ஒன்றும் இல்லை, முதல் கல்லூரிக்குப் பிடித்தவர்களையும் இரண்டாவது கல்லூரி பார்க்கும். கடைசியில் இடம் கொடுத்தது இரண்டாவது கல்லூரிதான். இடம் கிடைக்கிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பேருக்கு அவர்கள் எழுதாத கல்லூரியே கிடைக்கிறது என்று ஒக்ஸ்போர்ட் சொல்லுகிறது. ஆனபடியால் ஒரு கல்லூரியில் மனத்தை வைத்துக்கொண்டு அதன் சின்னம் போட்ட சட்டையை முன்கூட்டியே வாங்கிவிடாதேயுங்கோ.

ஒரு சின்னக் குறிப்பு, டிரினிட்டி, செயின்ட் ஜோன்ஸ், பெம்புரோக், ஜீசஸ், கோர்ப்பஸ் கிறிஸ்டி என்று ஒரே பெயரில் இரண்டு ஊரிலும் கல்லூரி இருக்கிறது. இணையத்தில் வாசிக்கிறபோது எந்த ஊர்க் கல்லூரியைப் பற்றி வாசிக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கோ.

குவார்க்_குமரன்:
எல்லாருக்கும் நன்றி. அப்படியென்றால் நண்பன் சொன்னது போல ஓப்பன் அப்ளிகேஷன் போட்டுவிட்டால் என்ன? எது கிடைத்தாலும் ஒன்றுதானே என்றால் நான் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? அப்பா வேறு பணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார், அதற்கும் கல்லூரிக்கும் சம்பந்தம் உண்டா?

ஆலமரத்தடி:
ஓப்பன் போட்டால், அந்த வருடம் உன் பாடத்துக்கு ஒப்பீட்டளவில் விண்ணப்பம் குறைவாக வந்த கல்லூரிக்குக் கணினி உன்னை ஒதுக்கிவிடும். அதற்குப் பிறகு நீயே அந்தக் கல்லூரியைப் போட்டது போலத்தான் நடத்துவார்கள், கூடுதலாகவும் பார்க்கமாட்டார்கள், குறைவாகவும் பார்க்கமாட்டார்கள். ஒதுக்கிய பிறகு இது வேண்டாம் வேறு கொடு என்று கேட்க முடியாது. இடம் கிடைக்கும் வாய்ப்பைப் பொறுத்தவரை ஓப்பனால் நட்டமில்லை.

ஆனால் நான் "ஒன்றுதான்" என்று சொன்னது வாய்ப்பை மட்டும். மூன்று நாலு வருடம் அங்கே குடியிருக்கப் போவது நீ, அந்த விஷயத்தில் கல்லூரிக்குக் கல்லூரி நிறைய வித்தியாசம் உண்டு. குறிப்பாக இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு. அதனால் நீ ஓப்பன் போடாதே என்பது என் கட்சி.

முதலில் பணம். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கேம்பிரிட்ஜில் இரண்டு கட்டணம். பல்கலைக்கழகக் கட்டணம் பாடத்தைப் பொறுத்தது, எந்தக் கல்லூரியானாலும் அதே தொகை. அதற்கு மேல் கல்லூரிக் கட்டணம் என்று தனியாக ஒன்று, வருடத்துக்கு ஏறத்தாழ 10,000 பவுண்டு அளவில், அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இங்கிலாந்து மாணவர்கள் இதைத் தனியாகக் கட்ட வேண்டியதில்லை, அதனால் அங்கேயே வளர்ந்தவர்கள் எழுதும் அறிவுரைகளில் இந்தப் பேச்சே வராது. வித்தியாசத்தை மூன்றாலோ நாலாலோ பெருக்கிப் பார், அப்பாவிடம் காட்டு. ஆக்ஸ்போர்டில் கல்லூரிப் பங்கையும் சேர்த்து ஒரே கட்டணமாக வாங்கிவிடுகிறார்கள், அங்கே இந்தத் தலைவலி கிடையாது.

அடுத்தது, ஆஃபர் வந்த பிறகு முழுப் படிப்புக்கும் பணம் இருக்கிறது என்பதற்கு நிதி உத்தரவாதம் கேட்பார்கள். முதல் வருடத்துக்கு மட்டும் இல்லை, முழுப் படிப்புக்கும். கேட்பது கல்லூரி. எந்த மாதிரி ஆவணம் ஒத்துக்கொள்வார்கள், வங்கிக் கடன் கடிதம் போதுமா என்பதையெல்லாம் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு இப்போதே எழுதிக் கேட்கலாம், அதற்காக உன்னை யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு, அது பெரும்பாலும் செலவில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும்.

மழைக்கோட்டு:
இப்போது அங்கே இரண்டாம் வருடம் படிக்கிறேன், பொறியியல். அக்கா பணம் சொன்னார், நான் பெட்டி படுக்கை பற்றிச் சொல்கிறேன்.

பாடம் நடப்பது வருடத்தில் மூன்று பருவம், ஒவ்வொன்றும் எட்டு வாரம். அதாவது வருடத்தில் பாதிக்கு மேல் விடுமுறை. இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு அப்பா காரில் வந்து சாமானை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். நமக்கு? சில கல்லூரிகளில் வருடம் முழுக்க அறை உங்களுடையது, வாடகையும் அதற்கேற்ப. சில கல்லூரிகளில் ஒவ்வொரு பருவம் முடிந்ததும் அறையைத் துடைத்துக் காலி பண்ண வேண்டும், மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கு விடுவார்கள். நான் போய்ச் சேர்ந்தது இரண்டாவது வகை. பெயர் வேண்டாம். டிசம்பரில் கடைசி நாள் காலை பத்து மணிக்குள் வெளியே போக வேண்டும், முந்தின இரவு வரைக்கும் கணக்குத்தாள். குக்கரைப் போர்வையில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே பெயரும் அறை எண்ணும் எழுதி, குறுகலான கல் படிக்கட்டு வழியாக நிலவறைக் கிடங்குக்குக் கொண்டுபோனால், பூட்டியிருக்கிறது, சாவி வைத்திருப்பவர் ஒன்பதரைக்குத்தான் வருவார். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடங்கு உண்டு என்று இணையதளத்தில் ஒரு வரி இருந்தது. எத்தனை பெட்டி, எப்போது திறந்திருக்கும், விடுமுறையில் தங்க வேண்டுமானால் என்ன வாடகை, அதையெல்லாம் கேட்டால்தான் சொல்வார்கள். கேட்டு வையுங்கள்.

அப்புறம் அடுப்பு. நீங்கள் சைவமோ அசைவமோ, தினமும் கூடத்துச் சாப்பாடு என்றால் ஒரு கட்டத்தில் ரசத்துக்கு மனம் ஏங்கும். எல்லாக் கல்லூரியிலும் சைவச் சாப்பாடு கிடைக்கும், பிரச்சினை அது இல்லை. பழைய கல்லூரிக் கட்டடங்களில் பல பேருக்குச் சேர்த்து ஒரு குட்டி அறை, அதில் மைக்ரோவேவ், ஒரு கெட்டில், அதிர்ஷ்டம் இருந்தால் மின் அடுப்பு. புதிய கல்லூரிகளிலும் புதிய விடுதிக் கட்டடங்களிலும் ஓரளவு ஒழுங்கான சமையலறை இருக்கும். இதில் இன்னொரு கூத்து, சில கல்லூரிகளில் நீங்கள் கூடத்தில் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சமையலறைக்கென்று பருவத்துக்கு ஒரு நிலையான கட்டணம் பில்லில் வந்துவிடும். வாடகையை மட்டும் ஒப்பிட்டுவிட்டு இது மலிவு என்று முடிவு பண்ணாதீர்கள், அதையும் கூட்டிப் பாருங்கள்.

நல்ல செய்தி என்னவென்றால் கேம்பிரிட்ஜில் பெரும்பாலான கல்லூரிகள் இளநிலைப் படிப்பு முழுக்க அறை தருகின்றன. ஆக்ஸ்போர்டில் சில கல்லூரிகளில் ஒரு வருடமாவது வெளியே வீடு பிடிக்க வேண்டியிருக்கும், முன்பணம், உத்தரவாதத்துக்கு உள்ளூர் ஆள் என்று அது தனிப் போராட்டம்.

எக்செல்_ஏகாம்பரம்:
விகிதத்தை விடுங்கள், அக்காவின் நேரடி-பூல் வாதம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர்ச்சித் தரவரிசை? டாம்ப்கின்ஸ் டேபிள் என்று வருடா வருடம் எந்தக் கல்லூரிப் பிள்ளைகள் எத்தனை முதல் வகுப்பு வாங்கினார்கள் என்று போடுவார்கள், டிரினிட்டி அதில் வருடக்கணக்காக முதலிடத்தில் இருந்திருக்கிறது. ஆக்ஸ்போர்டுக்கும் நாரிங்டன் டேபிள் இருக்கிறது. கல்லூரி சொல்லிக்கொடுப்பதில் வித்தியாசம் இல்லையென்றால் இது எப்படி?

ஆலமரத்தடி:
நல்ல பிள்ளைகள் போய்க் குவிகிற இடத்தில் நல்ல மதிப்பெண் வருகிறது. அது கல்லூரி கொடுத்ததா, பிள்ளைகள் கொண்டுவந்ததா என்று அந்த அட்டவணையால் சொல்ல முடியாது. அதோடு அது எல்லாப் பாடத்தையும் போட்டுக் கலக்கிய ஒரு சராசரி, குமரனுக்கு வேண்டியது இயற்பியல் மட்டும். நடுவில் இருக்கும் கல்லூரிகள் ஒரு வருடம் மேலே போய் அடுத்த வருடம் கீழே வருவது சாதாரணம்.

உங்களுக்காகவே ஒரு கதை வைத்திருக்கிறேன் சார். 1913-இல் கல்கத்தாவிலிருந்து லண்டனில் படிக்க வந்த ஒரு இளைஞர் கேம்பிரிட்ஜைச் சும்மா சுற்றிப் பார்க்கப் போனார். கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தைப் பார்த்து அசந்து நின்றதில் கடைசி ரயிலைத் தவறவிட்டார். இரவு நண்பர் ஒருவரிடம் தங்கினார், நீ இங்கேயே சேர்ந்துவிடேன் என்று அவர் சொல்ல, மறுநாள் போய்க் கேட்டு கிங்ஸில் சேர்ந்தேவிட்டார். அவர்தான் மகாலநோபிஸ், 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். நாட்டின் பெரிய புள்ளியியல் அறிஞரே கல்லூரியைத் தேர்ந்தெடுக்க எந்த அட்டவணையையும் பார்க்கவில்லை.

எக்செல்_ஏகாம்பரம்:
இது அநியாயம் அக்கா. ஒருத்தர் கதையை வைத்து வாதம் பண்ணக்கூடாது என்று மகாலநோபிஸே சொல்லியிருப்பார். ஆனாலும் சிரித்துவிட்டேன்.

தாமரைக்குளம்:
நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். தங்கை ஆங்கில இலக்கியத்துக்குப் போடப் போகிறாள். அவளுக்குப் பெண்கள் கல்லூரி வேண்டாம். வேறு கல்லூரி போட்டுவிட்டால் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்காதுதானே?

ஆலமரத்தடி:
அப்படிச் சொல்ல முடியாதம்மா. பூலிலிருந்து நியூனமும் மர்ரே எட்வர்ட்ஸும் நிறையப் பெண்களை எடுக்கும். ஓப்பன் போட்டாலும் அங்கே ஒதுக்கப்படலாம். முகம் சுளித்துக்கொண்டு போய் அப்புறம் அங்கிருந்து கிளம்ப மனமில்லாமல் அழுதவர்களை எனக்குத் தெரியும். விரிவுரை, சங்கங்கள், நண்பர்கள் எல்லாம் பொதுதான், குடியிருப்பது மட்டும் தனி. இலக்கியம் என்றால் நியூனம் எதிரிலேயே சிட்விக் தளம், கலைப் பாடங்களின் விரிவுரைகள் பெரும்பாலும் அங்கேதான். காலையில் எழுந்து சாலையைக் கடந்தால் வகுப்பு. தங்கையிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்.

ஆய்வேடு_ஐயப்பன்:
முதுகலை, பிஎச்டிக்கும் இதே கதைதானா?

ஆலமரத்தடி:
இல்லை. அங்கே உங்களை எடுப்பது துறை, கல்லூரி அதற்குப் பிறகு. மேற்பார்வையாளர் யார், பணம் யார் தருகிறார்கள், இந்த இரண்டும்தான் முக்கியம். சில உதவித்தொகைகள் குறிப்பிட்ட கல்லூரியோடு கட்டப்பட்டிருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி குடும்பத்தோடு போவதாக இருந்தால் குடும்பக் குடியிருப்பு இருக்கிற கல்லூரி.

குவார்க்_குமரன்:
சரி, ஓப்பன் போடவில்லை. இப்போது என்னிடம் ஆறு பெயர் இருக்கிறது: டிரினிட்டி (பெரியப்பாவுக்காக), சர்ச்சில், ஃபிட்ஸ்வில்லியம், டவுனிங், கர்ட்டன், பீட்டர்ஹவுஸ். இதில் எனக்குப் பொருந்தாது என்று சொல்லக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

மழைக்கோட்டு:
கர்ட்டன் ஊருக்கு வெளியே, நகர மையத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரை மைல். பெண்களுக்காக 1869-இல் தொடங்கியபோது வேண்டுமென்றே தள்ளி வைத்தார்கள் என்று சொல்வார்கள். இப்போது இருபாலருக்கும். தோட்டமும் அமைதியும் பிரமாதம், ஆனால் சைக்கிள் ஓட்டப் பிடிக்காது என்றால் யோசி. ஜனவரியில் எதிர்க்காற்றில் மழையோடு ஓட்டுவது ஒரு அனுபவம், என் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

சர்ச்சில் 1960-இல் அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் மனத்தில் வைத்தே தொடங்கிய கல்லூரி, மாணவர்களில் பெரும்பகுதி அறிவியல், பொறியியல் பக்கத்து ஆட்கள்தான். கட்டடம் கான்கிரீட்டும் செங்கல்லும், கோபுரம் பார்க்க வந்தவர்கள் ஏமாந்து போவார்கள். ஆனால் இயற்பியலின் கேவண்டிஷ் ஆய்வகம் இருக்கிற மேற்குக் கேம்பிரிட்ஜுக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். ஃபிட்ஸ்வில்லியமும் அதே பக்கம். டவுனிங் என்றால் வேதியியல் துறை பக்கம், லென்ஸ்ஃபீல்ட் சாலை. முதல் வருடத்தில் நீ வேதியியலும் எடுக்கிறாய் என்றால் அதுவும் வசதி. தூரம் பெரிய விஷயம் இல்லை என்பார்கள், காலை ஒன்பது மணி வகுப்புக்குச் சனிக்கிழமையும் எழுந்து போகிறவனைக் கேட்டால் தெரியும். ஆமாம், நேச்சுரல் சயின்சஸுக்குச் சனிக்கிழமையும் வகுப்பு உண்டு.

ஆலமரத்தடி:
பீட்டர்ஹவுஸ் 1284-இல் தொடங்கியது, இருப்பதிலேயே பழையது, மிகச் சிறியவற்றில் ஒன்று. சிறிய கல்லூரியில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், சிலருக்கு அது சுகம், சிலருக்கு மூச்சு முட்டும். டிரினிட்டி, செயின்ட் ஜான்ஸ், ஹோமர்ட்டன் எல்லாம் பெரியவை, கூட்டத்தில் காணாமல் போகலாம், வேண்டும்போது. நீ எந்த வகை என்று உனக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் பார். ஆஃபர் நிபந்தனையைக் கல்லூரிதான் வைக்கிறது, சில கல்லூரிகள் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்பதும் உண்டு. சிபிஎஸ்இ மாணவர்களுக்கு வழக்கமாக என்ன கேட்பீர்கள் என்று சுருக்கமாக ஒரு மின்னஞ்சல். யாரையும் புகழ வேண்டாம், இரண்டு மூன்று கேள்வி, கீழே பெயர், அவ்வளவுதான். அப்புறம் யூகாஸில் எழுதுகிற சுயவிவரப் பகுதியில் கல்லூரியைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதே, அதையேதான் மற்ற நாலு பல்கலைக்கழகமும் படிக்கப் போகிறது.

இதற்கெல்லாம் ஒரு சனி ஞாயிறு போதும். ஒரு மாதமாக நீ இதில் உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைக்கிறேன், அந்த நேரத்தில் ஈசாட் பழைய வினாத்தாளைப் போட்டிருந்தால் அது நிச்சயம் வாய்ப்பைக் கூட்டியிருக்கும். நேர்காணலுக்குக் கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டுப் பழகு, தம்பி தங்கை யாரையாவது எதிரே உட்கார வைத்து.

குவார்க்_குமரன்:
சர்ச்சிலுக்கும் ஃபிட்ஸ்வில்லியமுக்கும் நேற்று எழுதினேன். கல்லூரிக் கட்டணம், விடுமுறையில் அறை, கிடங்கு, நிதி உத்தரவாதம், இந்த நாலு கேள்வி. ஒரு பதில் வந்துவிட்டது, விடுமுறை வாடகை விவரத்தோடு. அப்பா அதை அச்செடுத்துப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். இன்னொன்று வந்ததும் முடிவு. பெரியப்பாவிடம் ஹார்டி கதையைச் சொன்னேன், "அப்போ ஹார்டி இருக்கிற காலேஜைப் போடு" என்கிறார்.

மழைக்கோட்டு:
அடுப்பைப் பற்றிக் கேட்டாயா?

குவார்க்_குமரன்:
இல்லை. இதோ எழுதுகிறேன்.

வடலி:
தம்பி, முடிவு நாள் ஒக்டோபர் 15, இங்கிலாந்து நேரம் மாலை 6 மணி, உங்கட ஊரில் இரவு பத்தரை. கடைசி நாள் வரைக்கும் வைத்திருக்காதேயும், பரிந்துரைக் கடிதத்தை ஆசிரியர் ஏற்றினால்தான் விண்ணப்பம் போகும். யூகாஸ் போன பிறகு கேம்பிரிட்ஜிலிருந்து தனியாக இன்னொரு படிவத்துக்கு மின்னஞ்சல் வரும், அதற்கும் ஒரு வாரம் அளவில்தான் நேரம். வேண்டாத மின்னஞ்சல்கள் போய் விழுகிற பெட்டியையும் தினமும் பாரும்.